முன் சுவரில் உப்பு பூக்கிறது, டைல்ஸ் ஒட்டி மறைக்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் 2011-இல் கட்டிய சொந்த வீடு. தெருவைப் பார்த்த முன் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்பு பூத்து உதிர்கிறது. நான்கு வருடத்தில் இரண்டு தடவை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. இப்போது காண்ட்ராக்டர், "முன்பக்கம் முழுக்க எலிவேஷன் டைல்ஸ் ஒட்டிவிடலாம், ஆயுசுக்கும் கவலை இல்லை" என்கிறார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பந்தல் போடுவதற்குள் வீடு பார்க்கும்படி ஆக வேண்டும். ஒட்டலாமா?

பதில்: ஒட்டாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் ஒட்டாதீர்கள்.

உங்கள் சுவருக்கு வந்திருப்பது பெயிண்ட் வியாதி இல்லை, ஓதம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி செங்கல் மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. தண்ணீரோடு உப்பும் ஏறுகிறது. வெயில் பட்டதும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் பெயிண்டுக்குப் பின்னால் தங்கிப் படலத்தைத் தள்ளும். உப்பிய இடத்தை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். அப்பளம் மாதிரி ஒரு துண்டு கையோடு வரும், அதன் முதுகில் கோலமாவு போலப் பொடி ஒட்டியிருக்கும். அதுதான் ஆள். எந்த கம்பெனி பெயிண்ட் அடித்தாலும் அது இப்படித்தான் தள்ளும்.

டைல்ஸ் ஒட்டினால் என்ன ஆகும்? வெளியே போக வழியில்லாத ஈரம் மேலே ஏறும், அல்லது உள்பக்கம் திரும்பும். மூன்றடியில் இருந்த கறை ஐந்தடிக்குப் போகும், ஹால் சுவரில் சோபாவுக்குப் பின்னால் முளைக்கும். பசையின் பிடி விட்டுப்போய் டைல்ஸும் விழும். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு வீட்டில், பழைய பெயிண்டைக் கொத்தாமல் அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் நான்கு டைல்ஸ் ஒன்றாகக் கழன்று, கீழே நின்ற ஸ்கூட்டரின் சீட்டைக் கிழித்தன. ஆள் நிற்காதது அவர்கள் அதிர்ஷ்டம். பசை பெயிண்டைப் பிடித்திருந்தது, பெயிண்ட் சுவரைப் பிடிக்கவில்லை.

சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது? ஒரு கேள்வி கேட்கிறேன். வீடு கட்டியபோது தெருவிலிருந்து வாசலுக்கு எத்தனை படி ஏறினீர்கள்? இப்போது எத்தனை? என் வீட்டில் மூன்று இருந்தது, இன்று ஒன்றரைதான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, தெரு உயர்கிறது, வீடு இறங்குகிறது. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அரசே அறிவுறுத்தியது. தெருவுக்கு வரும்போது அந்த உத்தரவு எங்கோ வழியில் இறங்கிவிடுகிறது. மனு கொடுத்தால், அடுத்த டெண்டரில் பார்க்கலாம் என்று பதில். மழைத்தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் உங்கள் சுவரடியில் நின்றால் ஓதம் ஏறாமல் என்ன செய்யும்?

தெருவை நாம் இறக்க முடியாது, சுவரடியை இறக்கலாம். உங்கள் காம்பவுண்டுக்குள் சுவரை ஒட்டியிருக்கும் மண், வீட்டின் உள்தரைக்கு அரையடியாவது கீழே இருக்க வேண்டும். அழகுக்காகச் சுவரோடு சேர்த்துக் கட்டிய பூத்தொட்டி இருந்தால் முதலில் அதை எடுங்கள். தினமும் செடிக்கு ஊற்றுகிற குடத்தில் பாதி சுவருக்குத்தான் போகிறது. ஏசி தண்ணீர்க் குழாய் அங்கேயே சொட்டுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சாய்வாகக் கான்கிரீட் போட்டுத் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள்.

பிறகு பூச்சு. கறை தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல்லில் தெரியும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து திரும்ப உள்ளே போகும். ஆசிட் ஊற்றலாம் என்று ஒருவர் வருவார், அவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். சுவர் ஒரு மாதமாவது காயட்டும், மழை வந்தால் தார்ப்பாய் கட்டுங்கள். புதுப் பூச்சுக்கு வாட்டர்புரூஃப் கலந்த சிமெண்ட் கலவை, குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். எடுத்த உப்பை நாமே திரும்ப வைத்துப் பூசுவது மாதிரி அது. இதையெல்லாம் செய்தும் ஈரம் ஏறினால், அடியில் வரிசையாகத் துளை போட்டு மருந்து செலுத்தும் முறை இருக்கிறது. முதலிலேயே அதற்குப் போகாதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். செவ்வாய்ப்பேட்டை மாதிரிப் பழைய பகுதிகளில் தாத்தா காலத்து வீடுகள் இருக்கின்றன. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. ஆணியால் கீறினால் சிமெண்ட் சாம்பல் நிறத்தில் கெட்டியாக நிற்கும். சுண்ணாம்பு வெளுப்பாக, மெத்தென்று பொடியும். அந்தச் சுவர்கள் தண்ணீரை இழுக்கும், விடவும் செய்யும். எண்பது வருடம் அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டு நின்றிருக்கின்றன. அதன் மேல் நான் மேலே சொன்ன சிமெண்ட் பூச்சைப் பூசினால் மூக்கைப் பிடித்த மாதிரி. சிமெண்ட் பலகையாகக் கழன்று வரும், வரும்போது செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும். அங்கே சுண்ணாம்புச் சாந்துதான், மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளையே இரண்டு மூன்று கை. சேலத்தில் சுண்ணாம்புக்கா பஞ்சம், சாக் ஹில்ஸே இருக்கிறதே என்பார்கள். அந்தக் கரட்டில் கிடைப்பது சுண்ணாம்பு அல்ல, மேக்னசைட். சூளைக்கான தீச்செங்கல் செய்யப் போவது. உங்கள் வீடு 2011 என்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

இனி ஆட்கள் விஷயம். பெயிண்ட் வாளிக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் வைக்கும் வழக்கம் உண்டு. எந்த வாளி நல்லது என்று அவர் சொல்வதில் அந்த டோக்கனின் குரலும் கொஞ்சம் இருக்கும். கம்பெனி பெயரையும் ரகத்தையும் நீங்களே முடிவு செய்து, பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். "பத்து வருட வாரண்டி" என்றால் அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். தரையிலிருந்து ஏறும் ஓதத்துக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது. உங்கள் பிரச்சினையே அதுதான். சதுரடிக் கணக்கில் பேசினால், பெரிய ஜன்னல்களையும் கதவையும் கழிக்கிறாரா என்று வேலைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். டேப் பிடிக்கும்போது மறுமுனையை நீங்களே பிடியுங்கள்.

தைக்கு நேரம் போதும். இந்த ஆவணியிலேயே மண்ணை இறக்கிப் பூச்சைக் கொத்துங்கள். ஐப்பசிப் பாதியில் புதுப் பூச்சு. அதற்கு 28 நாளாவது கழித்து, மார்கழியில் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை. பனி ஈரம் உலர்ந்தபின் ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி, நாலு மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். சேலத்து வெயிலுக்குப் பளிச்சென்ற அடர் நிறம் சீக்கிரம் வெளுக்கும், மேற்குச் சுவர் என்றால் இன்னும் சீக்கிரம். வெளிர் நிறமே எடுங்கள். கேட்டைச் சுரண்டி ரெட் ஆக்சைடு போட்டுப் பெயிண்ட் அடித்தாலே பாதி வீடு புதிதாகத் தெரியும். டைல்ஸ் ஆசை தீரவில்லையா, ஓதம் இல்லாத போர்டிகோ தூண்களில் மட்டும், பெயிண்டை முழுக்கக் கொத்திவிட்டு ஒட்டுங்கள். பசை மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற எண் இருக்கட்டும், டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண் அது.

பெயிண்டர் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் இரண்டடிச் சதுரத்தில் ஒரு பாலிதீன் தாளைப் புதுப் பூச்சின் மேல் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டு உரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தால் பெயிண்டரைத் திருப்பி அனுப்புங்கள். அந்த மூன்றடியைப் பந்தல்காரரிடம் சொல்லிக் கல்யாணத்தன்று துணி கட்டி மறைத்துக்கொண்டு, மாசியில் அடிக்கலாம்.