லெட்டர் பாக்ஸ்ல யார் பேரு இருக்கு? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நாங்க கோயம்புத்தூர். வேலை கிடைச்சு ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. நான், மனைவி, மூணு வயசுப் பொண்ணு. கம்பெனி மூணு மாசத்துக்கு ஒரு ஃப்ளாட் குடுத்திருக்கு. வந்த உடனே மூணு பேருக்கும் அன்மெல்டுங் (டவுன் ஆபீஸ்ல அட்ரஸ் பதியறது) முடிச்சாச்சு. எனக்கு டாக்ஸ் ஐடி லெட்டரும் ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டும் வந்துடுச்சு, அவங்க ரெண்டு பேருக்கும் இன்னும் ஒண்ணுமே வரல. ஹெச்ஆர்ல கேட்டா போஸ்ட்ல வரும், வெயிட் பண்ணுங்கன்னு மட்டும் சொல்றாங்க. இதுக்கு நடுவுல வீடு தேடணும், ஆனா யாரும் மெயிலுக்கு பதிலே போட மாட்டேங்கறாங்க. போன வாரம் கீழ் வீட்டம்மா மேல வந்து ஞாயித்துக்கிழமை காலைல மிக்ஸி ஓட்டாதீங்கன்னு கோவமா சொல்லிட்டுப் போயிட்டாங்க. மனைவி அன்னிக்கு பூரா அழுதுட்டே இருந்தாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல. (பேர் போட வேண்டாம் அக்கா.)

தம்பிக்கு,

முதல்ல கீழ இறங்கிப் போய் உங்க லெட்டர் பாக்ஸ்ல என்ன பேர் ஒட்டியிருக்குன்னு பாருங்க. கம்பெனிக்காரங்க உங்க பேரை மட்டும்தான் ஒட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

இங்க அட்ரஸ்ல தெரு பேரும் பில்டிங் நம்பரும்தான் இருக்கும், ஃப்ளாட் நம்பர் பொதுவா இருக்காது, போஸ்ட்காரர் பாக்ஸ்ல இருக்கற பேரைப் பார்த்துத்தான் போடுவார், பேர் இல்லன்னா லெட்டர் அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிடும், யாரும் ஃபோன் பண்ணி சொல்ல மாட்டாங்க. இங்க ஒரு குடும்பம்னா பெரும்பாலும் ஒரே குடும்பப் பேரு, அதனால ஒரு பேர் ஒட்டினா எல்லாருக்கும் லெட்டர் வந்துடும். நம்ம ஆளுங்க பாஸ்போர்ட்ல அப்படியா இருக்கு? உங்களுக்கு உங்க அப்பா பேரு, மனைவிக்கு அவங்க அப்பா பேரு, பொண்ணுக்கு உங்க பேரு. ஒரே வீட்டுல மூணு குடும்பப் பேரு! மூணையும் பாஸ்போர்ட்ல இருக்கற ஸ்பெல்லிங்கிலேயே எழுத்து மாறாம டைப் பண்ணி பாக்ஸ்லயும் காலிங் பெல்லயும் ஒட்டுங்க. பில்டிங்கைப் பார்த்துக்கற ஹவுஸ்மைஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு செய்ங்க, இன்னிக்கே செய்ங்க.

அப்புறம் டாக்ஸ் ஐடியை மறுபடி அனுப்பச் சொல்லி மத்திய வரி அலுவலகத்தோட வெப்சைட்ல ஃபார்ம் போடலாம். மெயில்லயோ ஃபோன்லயோ நம்பரை சொல்ல மாட்டாங்க, அன்மெல்டுங் பண்ணின அட்ரஸுக்கு லெட்டராத்தான் வரும், அதான் பேர் ஒட்டறது முதல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேரா ஃபோன் பண்ணுங்க. நீங்க அரசு முறை இன்சூரன்ஸ்ல இருந்தா வருமானம் இல்லாத மனைவிக்கும் குழந்தைக்கும் தனியா பணம் கட்ட வேண்டாம், ஆனா அதுக்கு ஒரு குடும்ப ஃபார்ம் நீங்க நிரப்பி அனுப்பியிருக்கணும், அது போச்சான்னும் கேட்டுக்கோங்க.

இதெல்லாம் மெதுவா வரட்டும்னு விடாதீங்க, இதுல பணம் இருக்கு. மனைவி வேலைக்குப் போகலன்னா நீங்க மூணாம் வரி வகுப்பு கேட்கலாம், மாச சம்பளத்துல கையில வர்றது நல்லாவே கூடும். அதுக்கு உங்க கல்யாணம் டவுன் ஆபீஸ் ரெக்கார்ட்ல ஏறியிருக்கணும், மேரேஜ் சர்டிபிகேட் காட்டினீங்களான்னு யோசிச்சுப் பாருங்க. பொண்ணோட டாக்ஸ் ஐடி வந்ததும் கிண்டர்கெல்ட் (குழந்தைக்கு அரசாங்கம் தர்ற பணம்) அப்ளை பண்ணுங்க, 2026 ஜனவரியில இருந்து மாசம் 259 யூரோ. லேட்டா அப்ளை பண்ணினா பின்னாடி ஆறு மாசத்துக்குத்தான் தருவாங்க, அதுக்கு முந்தினது போனது போனதுதான்.

இன்னொண்ணு, மஞ்சள் கவர். அரசாங்கத்துல இருந்து மஞ்சள் கவர் வந்தா போஸ்ட்காரர் அதுமேலயே தேதி எழுதிட்டுப் போவார், அந்தத் தேதியில இருந்தே கெடு ஓட ஆரம்பிச்சிடும், நீங்க பிரிச்சாலும் பிரிக்கலன்னாலும். ஃபைன் மாதிரி விஷயங்கள்ல ஆட்சேபிக்க ரெண்டே வாரம்தான் இருக்கும். ஊருக்குப் போகும்போது பாக்ஸ் சாவியை நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட குடுத்துட்டுப் போங்க. அந்தக் கவரையும் தூக்கிப் போடாதீங்க, அதுலதான் தேதி இருக்கு.

வீடு விஷயம். ஸ்டுட்கார்ட்ல பதில் வராதது உங்களால இல்ல, ஒரு வீட்டுக்கு அவ்வளவு பேர் எழுதறாங்க. கையில இருக்கற சம்பள ஸ்லிப், ஷூஃபா ரிப்போர்ட் (கடன், பில் ஒழுங்கா கட்டறீங்களான்னு காட்டறது), வேலை கான்ட்ராக்ட், குடும்பத்தைப் பத்தி ஜெர்மன்ல நாலு வரி, எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்ஆ வச்சுக்கோங்க, விளம்பரம் வந்த அரை மணி நேரத்துல அனுப்பணும். ஊரைச் சுத்தி எஸ்-பான் (புறநகர் ரயில்) போற சின்ன ஊர்கள்லயும் தேடுங்க, எஸ்லிங்கன், பாக்னாங் மாதிரி. வீட்டைப் பார்க்காம, சாவியை போஸ்ட்ல அனுப்பறேன் முதல்ல பணம் போடுங்கன்னு சொன்னா அது மோசடிதான், ஒரு யூரோ கூட போடாதீங்க. டெபாசிட் கால்ட் வாடகையில (ஹீட்டிங், தண்ணி மாதிரி செலவு சேராத வாடகை) மூணு மாசத்துக்கு மேல கேட்க சட்டத்துல இடம் இல்ல, அதையும் மூணு தவணையா கட்ட உங்களுக்கு உரிமை இருக்கு. நிறைய வீட்டுல கிச்சனே இருக்காது, சிங்க் கூட இல்லாம வெறும் சுவரும் பைப்பும் மட்டும் நிக்கும், பழைய வாடகைக்காரங்க போட்டிருந்த கிச்சனை விலை பேசி வாங்கிக்கறது வழக்கம், அந்தக் காசையும் கணக்குல வச்சுக்கோங்க.

அந்த கீழ் வீட்டம்மா சொன்னதுக்கு உங்க மனைவி அழ வேண்டாம்னு சொல்லுங்க. ஞாயிறு முழுக்க அமைதி நாள், கடையே மூடியிருக்கும், ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் தினமும் அப்படித்தான். மாவு, சட்னி எல்லாம் சனிக்கிழமையே அரைச்சு வச்சுக்கோங்க. முடிஞ்சா ரெண்டு பேரும் போய் ஒரு வணக்கம் சொல்லிட்டு, இனிமே பார்த்துக்கறோம்னு சொல்லிட்டு வாங்க, இங்க நேரா வந்து சொல்றவங்க மனசுல வச்சுக்கறதில்ல, நேரா சொல்லாம வீட்டுக்காரருக்கு லெட்டர் போடறவங்ககிட்டதான் கஷ்டம்.

குளிர்காலத்துல இன்னொரு சண்டை வரும், அது பூஞ்சை. இட்லி ஆவி, சாதம் வடிக்கற ஆவி, உள்ளயே காயப்போடற துணி, எல்லாம் சேர்ந்து ஜன்னல் ஓரத்துல கறுப்பு கறுப்பா புடிக்கும், காலி பண்ணும்போது டெபாசிட்ல கை வைப்பாங்க. ஜன்னலை மேல லேசா சாய்ச்சு நாள் பூரா விடறது தப்பு, சுவர்தான் குளிரும். ஹீட்டரைக் குறைச்சுட்டு ஜன்னலை முழுசா திறந்து அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, சமைச்ச உடனே ஒரு தடவை.

கடைசியா நீங்க கேட்காத ஒண்ணு. பொண்ணுக்கு கிட்டாவுல (குழந்தைகள் காப்பகம்) இடம் கேட்டு பேர் குடுத்தாச்சா? 2013 ஆகஸ்ட்ல இருந்து ஒரு வயசு முடிஞ்ச எல்லாக் குழந்தைக்கும் சட்டப்படி உரிமை இருக்கு, ஆனா இடம் கிடைக்க மாசக்கணக்கு ஆகலாம், வீடு முடிவாகட்டும்னு காத்திருக்காதீங்க, இப்பவே குடுங்க. அவ காலைல அங்க போயிட்டான்னா உங்க மனைவி ஃபோக்ஸ்ஹோக்ஷூல்ல (பெரியவங்களுக்கான பொது கல்வி மையம்) ஜெர்மன் கிளாஸ் சேரலாம், ஃபீஸ் ரொம்ப இருக்காது, அவங்களுக்குன்னு நாலு பேர் பழக்கமாவாங்க. வீட்டுக்குள்ளயே ரெண்டு மாசம் இருந்தவங்களுக்கு இப்ப அதுதான் அவசரம்னு எனக்குப் படுது.

அன்புடன்,
அக்கா