தாத்தாவின் போர்க்காலக் கைத்துப்பாக்கி: 400 டாலருக்குக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறோம். என் மனைவி இங்கேயே பிறந்தவர். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் போரிட்ட அவருடைய தாத்தா கொண்டுவந்த கைத்துப்பாக்கி ஒன்று, பாட்டியின் மறைவுக்குப் பின் உயில்படி மனைவிக்கு வந்துள்ளது. இடப்பக்கத்தில் ‘பி.38’, ‘ஏ.சி. 43’ என்று பொறித்திருக்கிறது, தோலுறையும் உண்டு. ஒரு கடைக்காரர் 400 டாலர் தருவதாகவும், வைத்துக்கொள்வதானால் புதிதாக நீலப்பூச்சு (துருவைத் தடுக்கும் கருநீல மேற்பூச்சு) ஏற்றித் தருவதாகவும் சொல்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டுக்குமே இப்போது தலையசைக்க வேண்டாம். விலையைப் பேசுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் இரண்டு உள்ளன. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை, துப்பாக்கிகளைப் பற்றி அறிந்த ஒருவரைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றினால் மட்டும் போதாது, குழலின் பின்புற அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். அடுத்தது உங்களைப் பற்றியது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. துப்பாக்கி மனைவியுடையதாகவே இருந்தாலும், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அது உங்கள் வசம் இருப்பதாகவே கருதப்பட வாய்ப்புண்டு. ஆகவே பெட்டகத்தின் சாவியோ ரகசிய எண்ணோ அவரிடம் மட்டுமே இருக்கட்டும். ஒரு வழக்கறிஞரிடம் கலந்துகொள்வதற்கு ஆகும் செலவை வீண் என்று எண்ணாதீர்கள்.

இனி மதிப்புக்கு வருவோம். பி-38 என்பது அன்றைய ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கி வகை. ‘ஏ.சி.’ என்பது வால்தர் நிறுவனத்தின் போர்க்காலக் குறியீடு, 43 என்பது 1943ஆம் ஆண்டு. இதே வகையை மவுசர் நிறுவனம் செய்தவற்றில் ‘பி.ஒய்.எஃப்.’ என்றும், ஸ்ப்ரீவெர்க் நிறுவனம் செய்தவற்றில் ‘சி.ஒய்.க்யூ.’ என்றும் இருக்கும். போர் முடிவதற்குள் இந்த வகையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டுவிட்டதால், பி-38 என்ற பெயருக்காக மட்டும் யாரும் பெரிய விலை தருவதில்லை. சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது ஸ்லைடு (மேலே முன்பின் நகரும் பாகம்), சட்டகம், குழல் ஆகிய மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதா என்பதைத்தான். மூன்றும் பொருந்தி, மேற்பூச்சும் தொழிற்சாலையில் ஏறியதாகவே இருந்தால் 400 டாலர் மிகவும் குறைவு. எண்கள் மாறுபட்டிருந்தால் அந்தத் தொகையை அநியாயம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின் வணிகத்துக்காக இறக்குமதியான துப்பாக்கிகளில் இறக்குமதியாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். சோவியத் படை கைப்பற்றி, பழுதுபார்த்து, மறுபடி கறுப்பேற்றிய பி-38கள் பல பிற்காலத்தில் அமெரிக்காவுக்கு வந்தது இவ்வழியில்தான். அப்படியொரு பொறிப்பு சிறியதாக எங்கேனும் தென்பட்டால், தாத்தா கொண்டுவந்தார் என்ற கதை ஆட்டம் காணும். இல்லையென்றால் பாட்டியின் பழைய பெட்டிகளைக் கிளறுவது நல்லது. போரில் கைப்பற்றிய ஆயுதத்தைத் தாயகம் கொண்டுசெல்ல மேலதிகாரி கையெழுத்திட்ட சான்றிதழ் அன்றைய அமெரிக்க வீரர்களுக்குத் தேவைப்பட்டது. துப்பாக்கியின் வரிசை எண்ணோடு அந்தத் தாள் கிடைத்துவிட்டால் விலை கணிசமாக உயரும். குடும்பக் கதையை எவரும் சொல்லிவிடலாம் என்பதால் அதற்கு வாங்குபவர் காசு தருவதில்லை, தாளுக்குத்தான் தருவார்.

நீலப்பூச்சு யோசனையை அறவே மறந்துவிடுங்கள். எண்பது ஆண்டுத் தேய்மானத்தைச் சேகரிப்பாளர் பொறுத்துக்கொள்வார், நேற்று ஏற்றிய பளபளப்பைப் பொறுக்க மாட்டார். போரின் பிற்பகுதியில் அவசரமாகச் செய்த துப்பாக்கிகளில் எந்திரக் கீறல்கள் இயல்பாகவே இருக்கும் என்பதால் அவற்றைச் சேதம் என்று எண்ணித் தேய்த்துவிட வேண்டாம். ஸ்வஸ்திகாவுடன் கூடிய கழுகு முத்திரை உங்கள் வீட்டில் இருப்பது உறுத்தலாம், அது புரிந்துகொள்ளக்கூடியதே. எனினும் அதை அரத்தால் அழித்தால் வரலாற்றுச் சான்றும் போகும், விலையும் போகும். உறுத்தல் தீராதென்றால் அப்படியே விற்றுவிடுவதே மேல்.

பராமரிப்பு எளிது. மென்மையான துணியில் துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஈரப்பதம் குறைந்த பெட்டகத்தில் வைத்தால் போதும். கைவியர்வையின் உப்பு துருவை வரவழைக்கும் என்பதால் மனைவியைக் கையுறை அணிந்து எடுக்கச் சொல்லுங்கள். பலரும் தவறுவது தோலுறை விஷயத்தில்தான். பதனிடப்பட்ட தோலில் உள்ள அமிலமும் அது உறிஞ்சும் ஈரமும் உலோகத்தை அரித்துவிடும், ஆகவே உறையைத் தனியே வையுங்கள். அதற்கு எண்ணெய் பூசி மெருகேற்றவும் வேண்டாம்.

சுட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். எண்கள் பொருந்திய துப்பாக்கியில் ஒரு பாகம் உடைந்தால், அதே எண்ணோடு மாற்றுப் பாகம் கிடைக்காது. அதோடு, போர்க்கால பி-38களில் பாதுகாப்பு விசையைக் கீழே தள்ளி, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை விடுவிக்கும்போது, உள்ளிருக்கும் பழைய பாகம் பழுதாகியிருந்தால், தோட்டா வெடித்துவிடும் அபாயம் உண்டு.

விற்பதென்று முடிவு செய்தால், வாங்க விரும்பாத ஒருவரிடம் கட்டணம் கொடுத்து மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். இணைய ஏலங்களில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலைகளோடு அதை ஒப்பிடுங்கள். வேறு மாநிலத்தவர் வாங்குவதானால், பொதுவாக அவருடைய மாநிலத்தில் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகவே துப்பாக்கி கைமாற வேண்டும். வைத்துக்கொள்வதானால் எண்களையும் முத்திரைகளையும் படமெடுத்து, மதிப்பீட்டுடன் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடுகளில் துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு இருப்பதால், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.