பழைய அடுக்குமாடியில் தீப்பாதுகாப்பு: எங்கே தொடங்குவது?

வணக்கம். சென்னையில் 1990களில் கட்டப்பட்ட தங்கள் ஒன்பது மாடிக் குடியிருப்பில், தீப்பற்றினால் தானாக நீர் தெளிக்கும் தெளிப்பான்கள் (ஸ்பிரிங்க்ளர்) பொருத்தப் பணமில்லாத நிலையில் எதை முதலில் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ளவற்றை உயர்மாடிக் கட்டிடங்களாகக் கொள்ளும் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு வலியுறுத்துவனவற்றில், மின்கம்பிகள் தளம்தளமாக மேலேறும் செங்குத்து வழியை (ஷாஃப்ட்) ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்புப் பொருளால் அடைப்பதே செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் என்பது என் கருத்து. ஏனெனில், தரைத்தள மீட்டர் பலகையில் தீப்பற்றினால் அதன் புகை புகைபோக்கியில் ஏறுவதுபோல் அவ்வழியே மேல்தளங்களை எட்டிவிடும். படிக்கட்டுக் கதவுகள் தாமாக மூடிக்கொள்ள வேண்டும். காற்றுக்காகச் செங்கல் வைத்துத் திறந்து வைக்கும் வழக்கத்தைக் குடியிருப்போர் சங்கம் அனுமதிக்கக் கூடாது. தீயணைப்பு பம்பைக் கீழ்த்தளத்தில் மட்டும் சோதிக்காமல், மொட்டைமாடிக் குழாய்முனையிலும் போதிய அழுத்தம் வருகிறதா என்று பாருங்கள்.