எல்இடி சீரியல் லைட் ஷாக் அடிக்காதா?

கேள்வி: கார்த்திகைக்காக ஆன்லைனில் 30 மீட்டர் எல்இடி சீரியல் லைட் வாங்கி பால்கனி கிரில்லில் சுற்றினோம். தூறல் விழுந்த அன்று கிரில்லைத் தொட்டால் விரலில் சுர்ரென்றது. "எல்இடிதானே மேடம், ஷாக் அடிக்காது" என்கிறார் விற்றவர். இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதுமா? — ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: போதாது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு மேலே படியுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வயரிங் செய்தவர் கரன்ட் வரும் பேஸ் வயருக்குப் பதில் நியூட்ரலில் சுவிட்சைக் கொடுத்திருந்தால், லைட் அணைந்த பிறகும் வயரில் கரன்ட் இருக்கும்.

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. ஒரு எல்இடிக்கு மூன்று வோல்ட் போதும். ஆனால் மலிவு செட்டில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. பிளக் பக்கத்தில் தொங்கும் சின்ன டப்பாவில் சில டையோடுகளும் மினுக்கும் சிப்பும்தான். வருவது நேராக 230 வோல்ட். வரிசையாக நிற்கும் பல்புகள் அதைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பங்கு போடுவது பல்புகளுக்குள்தான்; உங்கள் விரலுக்கு முழு 230 வோல்ட்டும் வரலாம். பிளக்கைப் பிடுங்கிய பின் ஒரு பல்பை லேசாக இழுத்துப் பாருங்கள்: தொப்பி நழுவி, பல்பின் கம்பிக்கால் வெளியே தெரியும். தண்ணீர் இறங்குவது அந்த வழியில்தான். அப்படி எத்தனை தொப்பிக்கு டேப் சுற்றுவீர்கள்? காய்ந்த தரையில் செருப்போடு நின்றால் சுர்ரென்று போய்விடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் உயிரே போகும்.

ஓவர்லோடோ ஷார்ட்டோ ஆனால் தானே விழும் எம்சிபி சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். ஆளைக் கொல்ல 30 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் போதும். 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தேவை, கரன்ட் கசிந்தால் உடனே விழும் 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி, இப்போது ஆர்சிசிபி என்பார்கள். "அடிக்கடி விழுதுங்க, எடுத்துட்டு டைரக்டா குடுத்துடலாம்" என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. அதைத் தேடத்தான் அவருக்குக் கூலி.

ஒரு விலக்கு உண்டு. அடாப்டரிலோ யுஎஸ்பியிலோ ஓடும் 5 அல்லது 12 வோல்ட் செட்டின் வயரைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அடாப்டர் நல்லதாக இருக்க வேண்டும். மட்டமான அடாப்டர் உள்ளே ஷார்ட் ஆனால் 230 வோல்ட் அப்படியே வயருக்கு வந்துவிடும். அதனால் அடாப்டரை வீட்டுக்குள், நனையாத இடத்தில் வையுங்கள். யுஎஸ்பி செட்டுக்கு நல்ல போன் சார்ஜரே போதும். பால்கனிக்கு நான் சம்மதிப்பது இந்த வகை மட்டுமே.

எல்இடி சீரியல் லைட்டுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். 'R-' என்று தொடங்கும் எண் பெட்டியில் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் யாருடையது என்று தெரியும். "வாட்டர்ப்ரூஃப்" என்று அச்சடிக்கவும் ஐந்து நட்சத்திரம் வாங்கவும் யாருக்கும் பதிவு தேவைப்படவில்லை! 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆன்லைன் நிறுவனங்களின் கிடங்குகளில் பிஐஎஸ் சோதனை போட்டு, தரமுத்திரை இல்லாத பொருள்களைப் பறிமுதல் செய்தது. நல்லது. ஆனால் கட்டாயச் சான்று இல்லாத பொருளை விற்பனைப் பக்கத்தில் ஏற்றும்போதே தடுக்காமல், கிடங்கு நிறைந்த பிறகு போய் என்ன பயன்?

செட்டைத் திருப்பிக் கொடுத்தும் பணம் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பெட்டி, பில், டப்பா மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். செட்டைக் கழற்றிய பிறகும் கிரில் சுர்ரென்றால் கசிவு வீட்டு வயரிங்கில் இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.