பாடல் பதிவிறக்கியதாகக் கடிதம்: மகனின் பெயரைக் கல்லூரி இசை நிறுவனங்களிடம் கொடுத்துவிடுமா?

அமெரிக்கக் கல்லூரி விடுதியில் இருக்கும் மகன் சட்டவிரோதமாகப் பாடல் இறக்கியதாகக் கடிதம் வந்திருக்கிறது, பெயரைக் கொடுத்துவிடுவார்களா என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். விசா போய்விடுமோ என்பதை நீங்கள் எழுதவில்லை. இரண்டு நாளாக உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல; விசாவைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கடிதங்களை மாணவர்களுக்கு அனுப்பும் கல்லூரி அலுவலகத்திலேயே வேலை பார்த்தவன். இசை நிறுவனங்களிடம் இருப்பது பாடலின் பெயர், ஓர் ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினிக்கு ஒதுக்கப்படும் எண்), நேரம் ஆகியவைதான். ஆளின் பெயர் வேண்டுமென்றால் வழக்கமாக அவர்கள் சப்பீனா, அதாவது ஆவணம் கேட்கும் நீதிமன்ற ஆணை, கொண்டுவர வேண்டும். அப்படி வந்தாலும், தகவலைக் கொடுப்பதற்கு முன் மாணவருக்குத் தெரிவிக்கக் கல்லூரி நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது மாணவர் ஆவணங்களின் தனியுரிமையைக் காக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்ப்பா சட்டம். கல்லூரிகளே எதிர்த்து நின்றதும் உண்டு. 2003இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியும் பாஸ்டன் கல்லூரியும் வாஷிங்டனில் பிறப்பிக்கப்பட்ட சப்பீனாக்களை பாஸ்டன் நீதிமன்றத்தில் எதிர்த்து வென்றன. இன்னொன்று: கல்லூரி உங்களிடம் பேச மறுத்தால் கோபப்படாதீர்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் ஃபெர்ப்பா சட்டத்தின் உரிமை மாணவருடையது, பெற்றோருடையது அல்ல.

வெளியே பெயர் போவதைவிடக் கல்லூரிக்குள் நடப்பதுதான் எனக்குக் கவலை. ஏனென்றால் அதை நான் கையால் செய்திருக்கிறேன்.

2007இல் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டு, வாரம் இருபது மணி நேரம் கணினி வலையமைப்பு அலுவலகத்தில் வேலை செய்தேன். அந்த பிப்ரவரியில்தான் இசை நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ, வழக்குக்கு முந்தைய சமரசக் கடிதங்களை, முதலில் மொத்தம் 400, 13 பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பல மாணவர்கள் பயந்து சில ஆயிரம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். எங்கள் பல்கலைக்கழகமும் பயந்தது. புகார் வந்தால் அன்றே ஆளைக் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது உத்தரவு. புகாரில் இருக்கும் நேரத்தில் அந்த ஐபி முகவரி யாருடைய மடிக்கணினிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்று பதிவேட்டில் தேடிப் பெயரை எடுத்துக்கொடுப்பது என் வேலை.

புகார்களில் கிரீன்விச் நேரம் இருக்கும். எங்கள் பதிவேட்டில் உள்ளூர் நேரம். இடையில் ஆறு மணி நேரத்தைக் கழிக்க ஒரு சிறு நிரல் இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைகால நேர மாற்றத்தை ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மார்ச் 11க்கு முன்தள்ளியிருந்தார்கள். பதிவேடு மாறிவிட்டது; நிரலை யாரும் மாற்றவில்லை. ஐந்து மணி நேரம் கழிக்க வேண்டிய இடத்தில் அது ஆறைக் கழித்துக்கொண்டே இருந்தது. விடுதிக் கூடத்தின் வைஃபையில் ஒரு மணி நேரத்தில் அதே முகவரி வேறொருவர் கைக்குப் போய்விடும்.

அப்படி நான் எடுத்துக்கொடுத்த பெயர்களில் ஒன்று முதலாண்டு மாணவன் ஒருவனுடையது. இடைப்பருவத் தேர்வு வாரத்தில் அவன் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மடிக்கணினியோடு வரச்சொன்னார்கள். என் மேலாளர் அவன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். பாடல்கள் எல்லாம் அவன் சொந்தக் குறுந்தகடுகளிலிருந்து ஏற்றியவை. தேடிக்கொண்டே போகையில் அவன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் திரையில் விரிந்தன. அவன் கை நீட்டி மூடப்போனான். "தொடாதே" என்றார் மேலாளர். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே சிலர் "திருட்டுக்கு வக்காலத்தா?" என்று கேட்பார்கள். இல்லை. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பணம் போக வேண்டும். ஆனால் குற்றம் செய்தவனைப் பிடிக்கிறோம் என்றால் சரியான ஆளைப் பிடிக்க வேண்டும். 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாடலையோ படத்தையோ இறக்கவே முடியாத ஓர் அச்சுப்பொறியின் முகவரிக்குக்கூடப் பதிப்புரிமைப் புகார் வரும்படி செய்துகாட்டினார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் திரைப்பட நிறுவனங்களின் சங்கம், திருட்டுப் பிரதிகளால் வரும் உள்நாட்டு இழப்பில் 44 சதவீதம் கல்லூரி மாணவர்களால் என்று தான் சொல்லிவந்தது தவறு, 15 சதவீதம்தான் என்று ஒப்புக்கொண்டது. அதற்குள் கல்லூரிகள் இதைத் தடுக்கத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற பேச்சு நாடாளுமன்றம்வரை போயிருந்தது. அந்த ஆண்டே சட்டமும் ஆனது.

    

நேரக் கோளாறை நான் ஏப்ரலில்தான் கண்டுபிடித்தேன். அந்த மூன்று வாரப் புகார்களை மறுபடி போட்டுப் பார்த்ததில் நான்கு பெயர்கள் தவறு. இணைப்புகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மன்னிப்புக் கடிதம் எதுவும் போகவில்லை. ஆவணத்தில் தவறு இருந்தால் திருத்தச் சொல்லும் உரிமை ஃபெர்ப்பாவிலேயே இருக்கிறது. அதை அந்த நால்வருக்கும் அலுவலகம் சொல்லவில்லை. நால்வரில் ஒருவனான அந்த முதலாண்டு மாணவனை நான் நூலகத்தில் தேடிப்பிடித்துச் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "என் கடிதங்களைப் படித்தீர்களா?"

உங்கள் மகன் இப்போது செய்ய வேண்டியது: தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ளாமல், புகாரின் பிரதியையும், எந்த நேர மண்டலத்தில் கணக்கிட்டார்கள் என்பதையும், அந்த நேரத்துப் பதிவேட்டு வரியையும் எழுத்தில் கேட்கட்டும். மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னால், எந்த விதியின்படி என்று கேட்டுவிட்டு, மாணவர்களுக்கான சட்ட உதவி மையம் இருந்தால் முதலில் அங்கே போகட்டும்.