சாதுவான நாட்டுக்கோழி எது? வீட்டில் விழும் சருகைக் கோழிக்குப் பயன்படுத்தலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: திருச்சிப் பக்கம் 12 சென்டில் வீடு, இரண்டு வேம்பு, ஒரு மா, ஒரு பலா. சருகு கூட்டி மாளவில்லை. பத்துக் கோழி வளர்க்க ஆசை, ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த இனம் சாதுவாக இருக்கும், சருகைக் கோழிக்குப் போடலாமா என்று இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள்.

என் அனுபவத்தில் இரண்டும் ஒரே கேள்விதான். எந்தக் கோழி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் சருகு எருவாகும், அல்லது நாறும்.

ஆலங்குடிப் பக்கம் எங்கள் தோப்பு வீட்டில் பதினோரு வருடமாகக் கோழி வைத்திருக்கிறேன். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் எங்கள் பலா மரங்களில் பாதி சாய்ந்துவிட்டன. தப்பிய மரங்களும் மா, முந்திரி, வேம்பு, புங்கையும் சேர்ந்து கொட்டும் சருகே எங்களுக்கு ஏராளம். முன்பெல்லாம் பங்குனியில் அப்பா அதைக் குவித்துக் கொளுத்துவார். இப்போது ஒரு கூடை சருகுகூட நெருப்புக்குப் போவதில்லை.

முதலில் குணம். சிறுவிடைக் கோழிதான் எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்திலிருந்து இருப்பது. உடம்பு சிறியது, பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். காலையில் பஞ்சாரத்தை, அதாவது கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையை, தூக்கியதும் நேராகச் சருகுக்குள் இறங்கிவிடும். இரண்டு காலாலும் மாறி மாறிக் கிளறி, ஓரடி பின்னால் நகர்ந்து, குனிந்து பார்த்து, பூச்சி இருந்தால் கொத்தி, மறுபடி கிளறும். பொழுது சாயும்வரை இதே வேலை. மனிதரிடம் வம்புக்கு வராது, ஆனால் மடியில் உட்காரும் கோழியும் இல்லை. குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழியை மட்டும் பிள்ளைகள் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பருந்தையே எதிர்த்துப் பாயும் கோழி, கை நீட்டும் பிள்ளையை விடாது. குஞ்சுகள் வளர்ந்து பிரிந்துவிட்டால் பழையபடி ஆகிவிடும்.

பெருவிடை, அதாவது அசீல், வேறு மாதிரி. அசீல் என்ற அரபுச் சொல்லுக்குத் தூய குலத்தைச் சேர்ந்தது என்று பொருள். நாம் சொல்லும் 'அசல்' என்ற வார்த்தைக்கும் அதே வேர்தான். சேவல் நான்கு கிலோவுக்கு மேல்கூட வளரும், நிமிர்ந்து நிற்கும் அழகே தனி. பலரும் நினைப்பதற்கு மாறாக, மனிதரிடம் அது ரொம்ப நிதானமானது. என் மகள் எங்கள் சேவலைத் தூக்கிக்கொண்டு தெருவரை போவாள். சண்டையெல்லாம் தன் இனத்தோடுதான். ஒரே அடையில் பொரித்த இரண்டு சேவல்களைப் பிரிக்காமல் விட்டுவிட்டேன். ஐந்து மாதம் வரை ஒரே தட்டில் தின்றவை, ஒரு நாள் மதியம் நான் வெளியே போய்வருவதற்குள் அடித்துக்கொண்டு, ஒன்றுக்குக் கண் போய்விட்டது. முன்கூட்டியே பிரித்திருக்க வேண்டியது நான்தான். பெட்டைகளும் ஒன்றை ஒன்று விரட்டும். 12 சென்டில் பத்துப் பெருவிடை வேண்டாம்.

கடக்நாத் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கோழி, 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்களிடம் இருந்த ஆறும் மிரண்ட சுபாவம். ஆள் நிழல் பட்டாலே வேலியேறிவிடும், இருட்டினால் பலாமரத்து உச்சி. அடையும் சரியாகக் காக்காது. பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அதற்கு நிம்மதி இருக்காது.

அப்புறம் ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய வனராஜாவும் கிராமப்பிரியாவும். இரண்டுமே சாது. பிள்ளைகள் கையில் தானியம் வைத்தால் வந்து தின்னும். கிராமப்பிரியா வருடத்துக்கு 200 முட்டையைத் தொடும் என்பார்கள். நல்ல தீவனம் வைத்த வருடம் நான் அதற்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். சிறுவிடையில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். வனராஜா கறிக்கும் ஆகும், ஆனால் கனத்த உடம்பு. நாயோ கீரியோ வந்தால் ஓடித் தப்ப அதற்குக் கால் வராது. இரண்டும் அடைக்கு உட்காராது. முட்டையைச் சிறுவிடைப் பெட்டைக்கு அடியில் வைத்தால் 21 நாளில் தன் குஞ்சு போலவே பொரித்து வளர்த்துவிடும்.

இனி, இந்தக் குணம் சருகில் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

ஒரு வருடம் கொட்டகையில் வனராஜா மட்டும் பன்னிரண்டு வைத்திருந்தேன். தரையில் அரையடிக்குச் சருகு பரப்பினேன். அவை தின்றன, உட்கார்ந்தன, உட்கார்ந்த இடத்திலேயே எச்சமிட்டன. மாவிலை வேறு, தோல் மாதிரி வழுவழுப்பானது. ஈரம் பட்டதும் ஒன்றோடு ஒன்று ஒட்டித் தட்டுத் தட்டாகப் படிந்துவிட்டது. மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் புளித்த வாடை. ஐப்பசி மழையில் கொட்டகைக்குள் குனிந்தாலே கண் எரிந்தது. நின்றபடி மூக்கில் ஏறாத அந்த வாடை, கோழி மூக்கு இருக்கும் உயரத்தில் நாள் முழுக்க இருந்திருக்கிறது. அந்த மழையில் ரத்தக்கழிச்சல் வந்து மூன்று போய்விட்டன. ஈரக் கூளம்தான் அந்த நோய்க்குத் தாய்வீடு.

அடுத்த வருடம் அதே கொட்டகையில் ஐந்து சிறுவிடையைச் சேர்த்து விட்டேன். வேறெதையும் மாற்றவில்லை. ஒரே வாரத்தில் தரை பொலபொலவென்று ஆகிவிட்டது. அவை கிளறக் கிளற எச்சம் சருகோடு கலக்கிறது, காற்று உள்ளே போகிறது, ஈரம் ஆறுகிறது. வனராஜாக்களும் பக்கத்துக் கோழி கிளறுவதைப் பார்த்துத் தாமும் கொஞ்சம் கிளறத் தொடங்கின. இதைப் பார்த்த பிறகுதான் அப்பத்தா அடிக்கடி சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது: "கோழிக்குக் கிளற ஒண்ணும் இல்லேன்னா ஒண்ணை ஒண்ணு கொத்தும்டா." வெறும் சிமென்ட் தரையில் அடைத்த கோழி பக்கத்துக் கோழியின் வால் இறகைப் பிடுங்கும். சருகு இருந்தால் அலகுக்கும் காலுக்கும் வேலை கிடைத்துவிடுகிறது. நீங்கள் கேட்கும் சாதுத்தனத்தில் பாதி இனத்தால் வருவது, மீதி காலடியில் என்ன இருக்கிறது என்பதால் வருவது.

சருகுக்கும் குணம் உண்டு. வேப்பஞ்சருகு சின்னது, நாலு நாளில் தூளாகிவிடும், கொட்டகைக்கு அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. புங்கையும் அப்படித்தான், சீக்கிரம் மக்கும். மா, பலா, முந்திரி மூன்றும் முரடு. அவற்றை வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டி, மேலே ஏறி மிதித்து நொறுக்கிப் போடுங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை அது. அரளி இலை ஒன்றுகூடக் கலக்கக் கூடாது, விஷம். தெருவில் கூட்டிய சருகும் வேண்டாம். அதில் வரும் பிளாஸ்டிக் துணுக்கைக் கோழி விழுங்கிவிடும்.

அளவு என்று பார்த்தால், பத்துக் கோழி ஒரு நாளைக்குச் சுமாராக ஒரு கிலோ எச்சம் போடும். எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம், காய்ந்த சருகில் கரிச்சத்து அதிகம். அதனால்தான் இரண்டும் சேர்ந்தால் மக்குகின்றன, தனித்தனியாக இருந்தால் ஒன்று நாறுகிறது, மற்றது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. நாலங்குலத்தில் தொடங்கி, வாரம் ஒரு சாக்குச் சருகு மேலே போட்டுவாருங்கள். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் அன்றைக்கே இன்னொரு சாக்கு காய்ந்த சருகு. நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை வாரியெடுத்து நிழலில் குவித்து, லேசாக நீர் தெளித்து மூடி வையுங்கள். பச்சைக் கோழி எரு செடியின் வேரைக் கருக்கிவிடும். கீரைப் பாத்திக்குப் போடுவதென்றால் குவித்த பிறகு ஆறு மாதமாவது பொறுங்கள்.

மரத்தடியில் மண் ஈரம் காயாமலிருக்க மூடாக்காகச் சருகு போட்டால் கோழி ஒரே காலையில் இறைத்துவிடும். நான் தூரைச் சுற்றித் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கி, உள்ளே சருகைப் போடுகிறேன். கிளற இடம் கிடைக்காததால் அங்கே போவதை விட்டுவிடுகின்றன. காய்கறிப் பாத்திக்குள் அறுவடை முடிந்த பிறகு மட்டும் திறந்துவிடுங்கள், நாற்று இருக்கும்போது சிறுவிடையை நம்ப முடியாது.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பூஞ்சை பிடித்து வெண்மையாகிப்போன சருகைக் கோழிக்குப் போடாதீர்கள். குஞ்சுகளுக்கு நுரையீரல் நோய் வந்து மூச்சு வாங்கிச் செத்துப்போகும். முதல் ஒரு மாதம் குஞ்சுகளுக்குச் சருகே வேண்டாம், காய்ந்த உமி போதும். இன்னொன்று பாம்பு. சருகுக் குவியல் கண்ணாடி விரியனுக்குப் பிடித்த இடம், நிறமும் சருகோடு சருகாக இருக்கும். குவியலை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், கை வைக்கும் முன் நீளக் கம்பால் தட்டுங்கள், பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். நான் சருகைக் குவித்து வைப்பதையே விட்டுவிட்டு, சாக்கில் கட்டி, பரண் மேல் வைக்கிறேன்.

உங்கள் இடத்துக்கு என் யோசனை: சிறுவிடைப் பெட்டை ஐந்து, கிராமப்பிரியா நான்கு, சிறுவிடைச் சேவல் ஒன்று. சேவல் ஒன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் இளங்கோழியாக ஒரே சமயத்தில் வாங்கி ஒன்றாகப் பழக்குங்கள். பிறகு புதிதாகச் சேர்த்தால் ஒரு வாரம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகவிட்ட பிறகு சேர்த்துவிடுங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) தடுப்பூசி போட்டாயிற்றா என்று விற்பவரிடம் கேட்டு, போடவில்லை என்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள்.

மாசி கடைசியில் உங்கள் வேம்பு இரண்டும் கொட்டத் தொடங்கும். அதற்குள் கொட்டகை வேலையை முடித்துவிடுங்கள். கொட்டும் சருகில் இருபது சாக்காவது சேர்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காய்ந்த சருகு எங்கும் கிடைக்காது. பங்குனியில் கட்டி வைத்த சாக்குதான் அந்த இரண்டு மாதமும் உங்கள் கோழியின் காலை ஈரமில்லாமல் வைத்திருக்கும்.