கால் நரம்பில் போட்ட பைபாஸ் ஏன் மறுபடி அடைக்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் ஆகி 8 வருடம். காலிலிருந்து எடுத்துப் போட்ட இரண்டும் அடைத்துவிட்டன, நெஞ்சிலிருந்து எடுத்தது மட்டும் நன்றாக ஓடுகிறது என்று ஆஞ்சியோவில் சொல்கிறார்கள். ஆபரேஷனில் தவறு நடந்திருக்குமா?

8 வருடம் ஓடிய பிறகு அடைத்திருந்தால், பெரும்பாலும் தவறு இருக்காது. காலிலிருந்து எடுத்ததும் நெஞ்சிலிருந்து எடுத்ததும் வேறு வேறு வகைக் குழாய்கள்.

கால் நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் நரம்பு அல்ல, சிரை; ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். படுத்திருக்கும்போது அதற்குள் அழுத்தம் 10 மி.மீ. பாதரசம் அளவுக்குத்தான் இருக்கும். அதை மகாதமனியில் (இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெரிய குழாய்) தைத்த நொடியிலிருந்து 120/80 அழுத்தம், ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அடி. அதன் மெல்லிய சுவர் இதற்காக உண்டானதல்ல.

சேதம் ஆபரேஷன் மேஜையிலேயே தொடங்கிவிடுகிறது. சிரையை உரித்தெடுத்து, கிளைகளைக் கட்டியபின், எங்காவது கசிகிறதா என்று பார்க்க சிரிஞ்சால் திரவம் ஏற்றுவார்கள். கையால் அழுத்தும்போது உள்ளே 300 மி.மீ.க்கு மேல் போய்விடுவது சாதாரணம். உள்சுவரில் ஒற்றை அடுக்காக இருக்கும் எண்டோதீலியம் செல்கள் உரிந்துபோகும். ரத்தம் உறையாமல் காப்பதே அந்த அடுக்குதான். சிரையின் சுவருக்கே ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் உரித்தெடுக்கும்போது அறுந்துவிடுகின்றன. முதல் மாதத்தில் அடைப்பவை இப்படி ரத்தம் உறைந்துதான் அடைக்கின்றன. குழாய் முறுக்கிக்கொள்வது, தையல் வாய் குறுகுவது, கீழே இணைத்த தமனி மிகச் சிறியதாக இருப்பது ஆகியவையும் இதில் சேரும். ஆபரேஷன் நுட்பத்தைக் கேள்வி கேட்பதென்றால் இந்த முதல் மாதத்து அடைப்பில் கேட்கலாம்.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். அழுத்தத்தைத் தாங்க சுவர் தன்னைத் தடிக்க வைத்துக்கொள்கிறது. நடு அடுக்கிலுள்ள தசைச் செல்கள் பெருகி உள்பக்கம் நகர்ந்து, தங்களைச் சுற்றி நார்ப்பொருளைச் சுரக்கின்றன. உடல் செய்யும் தற்காப்பு இது. ஆனால் அளவு மீறினால் குழாயின் வாய் குறுகும். முதல் வருடத்துக்குள் சிரை கிராஃப்ட்களில் (எடுத்துத் தைத்த மாற்றுக் குழாய்களில்) 10 முதல் 25 சதவீதம் வரை அடைத்துப்போவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தப்பியவற்றின் தடித்த சுவரில்தான் பின்னாளில் கொழுப்பு இறங்குகிறது. 10 வருடத்தில் ஏறக்குறைய பாதி அடைத்திருக்கும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

நெஞ்சுத் தமனி பிறவியிலேயே தமனி அழுத்தத்தில் வாழ்ந்தது. மேல்முனையை வெட்டாமல் கீழ்முனையை மட்டும் திருப்பித் தைக்கிறார்கள். அதன் உள்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடை நிறையச் சுரக்கிறது, கொழுப்பு எளிதில் ஒட்டாது. இதயத்தின் முன்பக்கத் தமனியில் இணைத்தவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் 10 வருடம் தாண்டியும் ஓடுகின்றன.

இனி என்ன செய்வது? பழைய சிரைக்குள் சேரும் கொழுப்பு இறுகிய கட்டியாக இருக்காது. கெட்டி மூடி இல்லாமல் சுவர் முழுக்கப் பொலபொலவென்று படிந்திருக்கும். அடைப்பைத் திறக்க உள்ளே பலூனை விரித்தால் துணுக்குகள் உதிர்ந்து கீழே சிறு குழாய்களை அடைத்துவிடும். அதனால் அங்கே ஸ்டென்ட் வைக்கும்போது, முடிந்தால் கீழே ஒரு வலை வடிகட்டியை விரித்துவிட்டு வைப்பார்கள். அதைவிட, பைபாஸுக்கு முன்பு அடைத்திருந்த சொந்தத் தமனியையே திறக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் பெரும்பாலும் அதுவே நல்ல வழி. மறு பைபாஸ் கடைசித் தேர்வு. ஒட்டிக்கிடக்கும் நெஞ்செலும்பைத் திறக்கும்போது, நன்றாக ஓடும் அந்த ஒரே கிராஃப்டுக்கும் ஆபத்து உண்டு.

மாத்திரை விஷயத்தில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினை ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலேயே தொடங்கி, ஆயுள் முழுக்கத் தொடர்வது வழக்கம். பல் பிடுங்கப் போகிறோம் என்று இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. கொலஸ்ட்ரால் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட்டில் வந்ததும் ஸ்டாடினை (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) நிறுத்துபவர்கள் ஏராளம். பைபாஸ் ஆனவர்களுக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 70க்குக் கீழே இருக்க வேண்டும், பல மருத்துவர்கள் 55ஐ இலக்காக வைக்கிறார்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும்.

இனி பைபாஸ் செய்துகொள்ளப் போகிறவர்கள் சர்ஜனிடம் ஒன்று கேட்கலாம். சிரையைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து, அழுத்தி ஊதாமல் எடுக்கும் முறை ஸ்வீடனின் ஓரெப்ரோவில் வளர்ந்தது. அப்படி எடுத்தவை நீண்ட நாள் ஓடுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, எல்லா ஆய்வுகளும் அல்ல; காலில் காயம் ஆறக் கொஞ்சம் கூடுதல் தொல்லையும் உண்டு. இரண்டாவது கிராஃப்டுக்கு மணிக்கட்டுத் தமனி பொருந்துமா என்றும் கேளுங்கள். சொந்தத் தமனியில் அடைப்பு கடுமையாக இருந்தால்தான் அது நன்றாக உழைக்கும். இல்லாவிட்டால் சொந்தக் குழாயின் ஓட்டம் போட்டி போட்டு அதைச் சுருங்க வைத்துவிடும்.